வண்டியோடு எல்லை தாண்டப் புறப்படும் கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளுக்கு



கார்த்திகை தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும் உங்களில் ஒரு கூட்டம் வண்டியிலேயே நேபாளம் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டேன். வேறு சிலர் அதையும் தாண்டி, வண்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே விமானத்தில் போய் இறங்கி ஓட்டப்போவதாகப் பேசிக்கொள்கிறீர்கள். உங்களைத் தடுக்க இந்த மடலை எழுதவில்லை. போய் வாருங்கள். மணிலாவும் கரும்பும் போட்டுக் கடன் அடைப்பதிலேயே வாழ்நாள் கழிந்த குடும்பத்துப் பிள்ளைகள், தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டியில் இமயமலையைப் பார்க்கப் போவது எனக்குப் பெருமை. நீங்கள் கிளம்புகிற விதம்தான் கவலையாக இருக்கிறது. அதை உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட உங்களிடமே சொல்லிவிடுவது நல்லது.

சென்னைத் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான். எஞ்சின் கெட்டு நின்ற வண்டியை எங்காவது ஒரு மெக்கானிக் ஓடவைத்துவிடுவார். காகிதம் இல்லாமல் நின்ற வண்டி கிடங்கில் துருப்பிடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு நாள்தோறும் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும். கடைசியில் வண்டியின் விலையைவிட அந்தத் தொகை பெரிதாகி, சொந்தக்காரரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.

உங்களில் யார் என்னிடம் வண்டியைக் காட்ட வந்தாலும் முதலில் காட்டுவது கிராஷ் கார்டு. பிறகு பக்கவாட்டுப் பெட்டி, ஃபாக் லேம்ப், புது டயர், கைப்பிடியில் போன் மாட்டும் கிளாம்ப். ஒருவராவது இன்ஷூரன்ஸ் பாலிசியை விரித்துக் காட்டியதில்லை. மாதக்கணக்கில் சம்பளத்தைச் சேர்த்து வண்டிக்குச் செலவழிக்கிறீர்கள். அந்த வண்டியை எல்லைக்கு அப்பால் உங்களுடையது என்று நிரூபிக்கும் தாள்களுக்கு ஒரு நாளைக்கூட ஒதுக்குவதில்லை. என் வருத்தமெல்லாம் இதுதான்.

பாலிசியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பாலிசியில் ‘ஜியாகிராஃபிகல் ஏரியா’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே ‘இந்தியா’ என்று அச்சிட்டிருக்கும். நேபாள எல்லையான சுனௌலியில் எல்லை வளைவைத் தாண்டி முன்சக்கரம் அந்தப் பக்கத்து பெலஹியா மண்ணைத் தொட்டதும் அந்தப் பாலிசியின் வேலை முடிந்தது. அதன் பிறகு நீங்கள் விழுந்தாலும், வண்டி களவு போனாலும், நீங்கள் யாரையாவது இடித்தாலும் கம்பெனி பணம் தராது. இதற்கு வழியில்லாமல் இல்லை. வங்கதேசம், பூட்டான், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கும் பாலிசியை நீட்டித்துத் தரும் எண்டார்ஸ்மெண்ட் ஒன்று உண்டு. இன்ஷூரன்ஸ்காரர்கள் அதை ஐ.எம்.டி. 1 என்பார்கள். இந்திய மோட்டார் டாரிஃபில் அதற்குப் போட்டிருந்த கூடுதல் பிரீமியம் 500 ரூபாய். நீங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களின் விலை அதைவிட அதிகமாக இருக்கும்.

ஏஜென்டிடம் கேட்டால், “அதெல்லாம் யாரும் போடுறதில்ல தம்பி” என்று அனுப்பிவிடுகிறார் என்கிறீர்கள். விடாதீர்கள். கிளை அலுவலகத்துக்கே போய் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மலைச்சாலையில் ஒரு கிழவரையோ பள்ளிப் பிள்ளையையோ இடித்துவிட்டால், நஷ்டஈடு பேசி முடியும்வரை வண்டியும் நீங்களும் அங்கேயே கிடக்க வேண்டிவரும். அந்தப் பணத்துக்கு இங்கே உங்கள் வீட்டில் எதை விற்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காத்மாண்டுவில் நம் தூதரகம் இருக்கிறது, பீர்கஞ்சில் துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் வக்கீலைக் காட்டுவார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். நஷ்டஈட்டைக் கட்டமாட்டார்கள்.

அடுத்தது டியூ. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். உங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் எச்.பி., அதாவது கடன் பதிவு, இருக்கிறது. ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயரோ வங்கியின் பெயரோ இருக்கிறவரை வண்டியில் அவர்களுக்கும் உரிமை உண்டு. வண்டியைக் கப்பலில் அனுப்புகிறவரிடம் வங்கியின் தடையில்லாக் கடிதத்தைக் கஸ்டம்ஸ் கேட்கும். தரைவழியே நேபாளம் போகிறவரிடம் யாரும் கேட்காமல் போகலாம். அங்கே வண்டி பறிபோனால் என்ன ஆகும்? இல்லாத வண்டிக்கு மாதாமாதம் டியூ கட்டியாக வேண்டும். முன்பணத்துக்குக் குழுக்கடன் எடுத்துக் கொடுத்த அம்மாக்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மகன் எங்கே போகிறான் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லாமல், “பெங்களூருக்கு இன்டர்வியூ” என்று புளுகிவிட்டுக் கிளம்புகிற பழக்கம் உங்களிடம் இருக்கிறது. அதை எந்தச் சாக்குச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. குழுக் கூட்டத்தில் தவணைக்குப் பதில் சொல்லி நிற்பது அவர்தான்.

வண்டியைத் தயார் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். மெக்கானிக் சொல்வதை நீங்கள் கேட்டுக்கொள்கிறீர்கள். செயின், பிரேக் ஷூ, கிளட்ச் வயர், ஸ்பேர் டியூப் எல்லாம் சரியாக இருக்கும். நான் பார்க்கச் சொல்வது ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைப்பிடித் தண்டின் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸி நம்பரை. துருவும் பெயிண்டும் ஏறி நாலு எழுத்து படிக்க முடியாமல் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எஞ்சின் நம்பரையும் அப்படியே. ஆர்.சி.யில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் திருவண்ணாமலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்திக்கொண்ட பிறகே கிளம்புங்கள். எந்த எல்லையிலும் அதிகாரி தொட்டுப் பார்ப்பது இந்த எண்ணைத்தான். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றியவர்கள், வண்டியின் நிறத்தை மாற்றியவர்கள், அலறும் சைலன்ஸர் மாட்டியவர்கள் எல்லாம் நம்மிடையே இருக்கிறார்கள். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருக்கக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பெனி தயாரித்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சாலையில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். வேற்று நாட்டு அதிகாரிக்கு அது திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தைத்தான் கொடுக்கும்.

இங்கிருந்து சுனௌலி 2,000 கிலோமீட்டருக்கும் மேல். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், வாரணாசி என்று ஓட்டியே போகிறவர்கள் போங்கள். லீவு கிடைக்காதவர்கள் வண்டியை ரயிலில் கோரக்பூருக்கு அனுப்பிவிடுவீர்கள். அப்படி அனுப்பும்போது பெட்ரோலைச் சொட்டுவிடாமல் வடித்துவிடுங்கள், சாக்குச் சுற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள், ஆர்.சி.யின் நகலை மட்டும் பார்சல் ஆபீசில் கொடுத்து அசலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசலை சீட்டுக்கு அடியில் வைத்துக் கட்டி அனுப்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சுனௌலியில் விசா வேண்டாம். அதனாலேயே எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறீர்கள். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டுமே ஆதார் போதும். உங்களில் யாரும் அந்த வயதில் இல்லை. வண்டிக்கு நேபாளக் கஸ்டம்ஸில் பன்சார் போட வேண்டும். எத்தனை நாள் இருப்பீர்களோ அத்தனை நாளுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிச் சீட்டு வாங்குவதுதான் பன்சார். அன்றே திரும்பிவிடுபவர்களுக்கு எல்லையோரமாகச் சுற்ற சுவிதா என்று ஒரு சீட்டுத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு போக்ரா வரைக்கும் போய்விடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த ஆளை நம்பாதீர்கள். வழியில் பிடித்தால் அபராதம் வண்டியின் மேல் விழும்.

பன்சார் நாளைக் கணக்குப் பார்த்துக் குறைத்துப் போடுவதும் வேண்டாம். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவில் இளைஞர் போராட்டம் வெடித்து, நாடாளுமன்றம் எரிந்து, ஊரடங்கு வந்து, பல இந்தியர்கள் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் நிலச்சரிவால் சாலை மூடுவது அங்கே வாடிக்கை. திரும்புகிற தேதிக்கு மேல் நாலைந்து நாள் சேர்த்தே கட்டுங்கள். திரும்பி வரும்போது அந்தச் சீட்டைக் கஸ்டம்ஸில் ஒப்படைத்துப் பதிவு போட்டுவிட்டு வாருங்கள். ராத்திரி நேரம், கூட்டம், பசி என்று அப்படியே தாண்டி வந்துவிட்டால், அவர்கள் கணக்கில் உங்கள் வண்டி இன்னும் நேபாளத்துக்குள்தான் இருக்கிறது.

நேபாளத்துக்கு அப்பால் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இனி எழுதுகிறேன். உலகப்படத்தில் விரலை நகர்த்தி வழி போடுகிறீர்கள். அந்த வழிகளில் பல இன்று அடைபட்டிருக்கின்றன. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் எல்லையில் அட்டாரி சோதனைச்சாவடியை மூடிவிட்டார்கள். கிழக்கே மணிப்பூரின் மோரே. 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட நம் தமிழர்கள் குடியேறி, அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி வாழும் ஊர். அங்கிருந்து தாமு வழியாக பர்மாவுக்குள் இறங்கி, தாய்லாந்து, மலேசியா என்று சிங்கப்பூர்வரை போனவர்கள் இருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மே மாதம் மணிப்பூரிலும் கலவரம் தொடங்கியது. பழைய வீடியோவைப் பார்த்து அந்த வழியை நம்பிக் கிளம்பாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே என்று கேட்கிறீர்கள். அது ஆட்களை ஏற்றும் கப்பல், பைக்கை ஏற்றமாட்டார்கள். ஆக, வண்டியைச் சரக்காகக் கப்பலில் ஏற்றுவதுதான் மிச்சம்.

அங்கேதான் கார்னே வருகிறது. ஈரானும் இலங்கையும் போன்ற நாடுகளுக்கு வண்டியைக் கொண்டுபோக ‘கார்னே த பஸாஜ்’ என்ற புத்தகம் வேண்டும். மும்பையில் இருக்கும் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் அதைத் தருகிறது. ஒரு வருடம் செல்லும். ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு: நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது ஒன்றை, அடிக்கட்டை உங்களிடம் இருக்கும். இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்கமாட்டேன், திருப்பிக் கொண்டுபோய்விடுவேன், தவறினால் வரியைக் கட்டுகிறேன் என்று உங்கள் சார்பில் அந்தச் சங்கம் ஜாமீன் நிற்கிறது. அந்த ஜாமீனுக்கு ஈடாக வண்டியின் மதிப்பையும் போகும் நாடுகளையும் கணக்கிட்டு உங்களிடமிருந்து பெருந்தொகையைப் பேங்க் கேரண்டியாக வாங்கி வைத்துக்கொள்கிறது.

இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கட்டையில் வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும், வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கொண்டு வரி கேட்பார்கள். வண்டி எரிந்துபோனாலும், பள்ளத்தில் விழுந்து உருத்தெரியாமல் போனாலும், அந்த நாட்டுக் கஸ்டம்ஸ் அதிகாரி முன்னால் அதை அழித்துச் சான்று வாங்காமல் வரமுடியாது. இரக்கப்பட்டு நண்பனிடம் கொடுத்துவிட்டு வரவும் முடியாது. ஊர் திரும்பியதும் வண்டி வந்து சேர்ந்துவிட்டது என்று நம் கஸ்டம்ஸிடம் கார்னேயில் சான்று வாங்கி, புத்தகத்தை மும்பைக்குத் திருப்பி அனுப்பிய பிறகே உங்கள் பணம் வெளியே வரும். நிலப் பத்திரத்தை அடகு வைத்து அந்தக் கேரண்டியைக் கட்டத் தயாராக இருக்கும் ஒரு தம்பியை நான் அறிவேன். அவருக்காகவே இந்தப் பத்தியை இவ்வளவு நீட்டினேன்.

இன்னொரு தாளையும் விட்டுவிடுகிறீர்கள்: வண்டி வெளியே போகும்போது போடும் ஷிப்பிங் பில். சேஸி நம்பர், எஞ்சின் நம்பர், திரும்பி வரும் வண்டி என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, வெளியே போய்த் திரும்பும் எந்தப் பொருளும் முதலில் இறக்குமதிப் பொருள்தான். இங்கிருந்து போனது இதுதான் என்று காட்டினால்தான் விலக்குக் கிடைக்கும். காட்டாவிட்டால், உங்கள் டி.என். 25 வண்டிக்கே நீங்கள் இறக்குமதி வரி கட்டி எடுக்க வேண்டிவரும்.

பெட்டியில் கட்டுவது பற்றி ஷிப்பிங் ஏஜென்ட் சொல்லுவார், இருந்தாலும் சொல்கிறேன். பெட்ரோல் துளியும் இருக்கக்கூடாது; கப்பல் கணக்கில் வண்டி ஆபத்தான சரக்கு, யு.என். 3166 என்ற எண்ணில் வரும். பேட்டரி வயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றுங்கள். கட்டணம் கன அளவுக்கு என்பதால் முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கண்ணாடிகளையும் கழற்றி வைத்தால் பெட்டி சின்னதாகும், பணம் மிச்சம். பெட்டிக்கு மலிவான பலகையைத் தேடாதீர்கள். சூடேற்றிப் பதம் செய்து ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும், இல்லையேல் போகிற துறைமுகத்திலேயே திருப்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியா போக நினைப்பவர்கள் மட்கார்டுக்கு அடியில், எஞ்சின் மடிப்புகளில், டயர் இடுக்கில் ஒட்டியிருக்கும் நம் செம்மண்ணைப் பல் விளக்கும் பிரஷ் வைத்துச் சுரண்டி எடுங்கள். ஒரு புல்விதை கண்ணில் பட்டாலும் உங்கள் செலவில் கழுவச் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்து ஒரு பயணமா என்று உங்களுக்குத் தோன்றலாம். 2006-இல் விசாகப்பட்டினத்து பரத்வாஜ் தயாலா ஒரு ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் கிளம்பி உலகைச் சுற்றித் திரும்பினார். நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய வண்டிதான் அது. அவரால் முடிந்தது உங்களாலும் முடியும். அதே சமயம் 2025-இல் மும்பையிலிருந்து 17 நாடுகளைக் கடந்து இங்கிலாந்துவரை போய்ச் சேர்ந்த ஓர் இளைஞரின் வண்டியை, நாட்டிங்காமில் சாப்பிட நிறுத்திய இடத்திலேயே திருடிக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட்டும் பணமும் அதோடு போயின. நல்ல சாலை, நல்ல நாடு, கூடவே திருட்டு. பாஸ்போர்ட்டையும் ஆர்.சி.யையும் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். உடம்போடு கட்டிய பையில் இருக்கட்டும்.

“போய்ப் பார்த்துக்கலாம் அண்ணா” என்று என்னிடம் சொல்கிறீர்கள். உள்நாட்டில் அது சரி. லடாக்கில் வண்டி நின்றாலும் அங்கே நீங்கள் இந்தியக் குடிமகன், யாரையும் கேட்டு வாதாடலாம். எல்லைக்கு அப்பால் உங்களுக்காகப் பேசுவது உங்கள் கையில் இருக்கும் தாள் மட்டும்தான். மொழி தெரியாத ஒரு சாவடியில், சாயங்காலம் அலுவலகம் மூடுகிற நேரத்தில், கூட வந்தவர்கள் தாண்டிப்போய்க் காத்திருக்க, நீங்கள் மட்டும் ஓரமாக நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு வரக்கூடாது.

அதனால் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், கூட்டமாகப் போகிறவர்கள் அனைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றாக உட்காருவோம். ஒவ்வொருவரும் ஆர்.சி., லைசென்ஸ், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, பாலிசி, எச்.பி. இருந்தால் வங்கியின் கடிதம் இவற்றைக் கொண்டு வாருங்கள். கப்பலில் அனுப்புகிறவர்கள் ஆர்.டி.ஓ. தரும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு வருடம்தான் செல்லும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்களோடு வைத்துக்கொண்டு மற்றொன்றை வீட்டில் கொடுங்கள். உங்கள் இரத்த வகை, எந்த எல்லையில் எந்தத் தேதியில் நுழைவீர்கள், என்று திரும்புவீர்கள் என்பதையெல்லாம் அந்த நகலின் மேல் தாளில் தமிழில் எழுதுங்கள். வீட்டிலிருந்து ஒருவரை, முடிந்தால் அம்மாவையே, அழைத்து வாருங்கள். அவர் கண்ணெதிரே அந்தத் தாள்களைக் காட்டி, எது எதற்கு என்று சொல்லுங்கள். வண்டி நம்பரையாவது அவர் சொல்லத் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று மாத டியூ கையிருப்பு இல்லாதவர்கள் இந்த முறை தள்ளிப்போடுங்கள். மலை எங்கேயும் போகாது என்று பெரியவர்கள் சொல்வதைப்போல் நான் சொல்லவில்லை. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. கல்யாணம், வேலை, குழந்தை என்று வந்துவிட்டால் நேரம் கிடைக்காது என்று பயப்படுகிறீர்கள். ஆறு மாதம் தள்ளினால் அதெல்லாம் வந்துவிடாது. அந்த ஆறு மாதத்தில் எச்.பி. கேன்சல் ஆனவர்களும் இருப்பார்கள்.

என் வீடு உங்களுக்குத் தெரியும். கஸ்டம்ஸ் வேலையில் கற்றதை வைத்து எந்த பாரத்தையும் பூர்த்தி செய்து தருகிறேன், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். வரும்போது மற்றதையெல்லாம் விட்டாலும் பாலிசியை மறக்காதீர்கள். அதில் ‘இந்தியா’ என்று மட்டும் இருந்தால், மறுநாள் திங்கட்கிழமை திருவண்ணாமலைக்கு இன்ஷூரன்ஸ் கிளை அலுவலகத்துக்கு நானும் உங்களோடு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
கீழ்பென்னாத்தூர்